சப்போர்ட்டிவ் ஹவுசிங்ல இருந்து தனி வீட்டுக்கு மாத்தறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது

நீங்க கேட்டதைச் சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். நியூயார்க்ல ஒரு சப்போர்ட்டிவ் ஹவுசிங் (வீட்டோட சேர்த்து மனநலம் மாதிரி சர்வீஸும் கிடைக்கற இடம்) பில்டிங்ல கேஸ் மேனேஜரா புதுசா சேர்ந்திருக்கீங்க. ஒரு காலத்துல ரோட்டுலயும் ஷெல்டர்லயும் இருந்து வந்தவங்க, இப்போ அஞ்சாறு வருஷமா உங்க பில்டிங்ல நல்லா செட்டில் ஆயிட்டாங்க, அவங்கள்ல சிலரை சொந்த லீஸ்ல தனி வீட்டுக்கு மாத்தற ப்ரோக்ராம் ஒண்ணை உங்க டைரக்டர் ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க. யாரை செலக்ட் பண்றது, எங்க இருந்து தொடங்கறது, இதான உங்க கேள்வி. நான் இதே வேலையில ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல இந்த ஐடியா ஏன் வருதுன்னு தெளிவா புரிஞ்சுக்கோங்க. நியூயார்க்ல சிட்டியும் ஸ்டேட்டும் சேர்ந்து 1990ல ஒரு அக்ரிமென்ட் போட்டாங்க, மனநலப் பிரச்சனையோட வீடில்லாம இருக்கறவங்களுக்கு சர்வீஸோட சேர்த்து வீடு கட்டித் தர்றதுன்னு. 2005ல மூணாவது அக்ரிமென்ட்ல 9,000 யூனிட், 2015ல சிட்டி மட்டும் தனியா 15 வருஷத்துல 15,000 யூனிட்னு அறிவிச்சாங்க. இவ்வளவு கட்டியும் வெளிய காத்திருக்கறவங்க எண்ணிக்கைக்கு இது பத்தல. அதனால உள்ள இருக்கறவங்கள்ல சர்வீஸ் அவ்வளவா தேவைப்படாதவங்க வெளிய போனா அந்த ரூம் ரோட்டுல இருக்கற இன்னொருத்தருக்குக் கிடைக்குமேன்னு ஒரு கணக்கு. இந்தக் கணக்குல தப்பே இல்ல, அந்த ரூம் கிடைக்கற ஆளுக்கு அது உயிர்ப் பிரச்சனை. ஆனா அந்தப் பாரத்தை இப்போ உள்ள குடியிருக்கறவர் தலையில வைக்கக் கூடாது. அவர் லீஸ்ல கையெழுத்து போட்ட டெனன்ட், அது பெர்மனென்ட் ஹவுசிங், இத்தனை வருஷத்துல காலி பண்ணணும்னு எந்த டைம் லிமிட்டும் கிடையாது. போகணும்னு அவருக்கே தோணணும். உங்க டைரக்டர் வருஷத்துக்கு இத்தனை பேர்னு டார்கெட் வெச்சாங்கன்னா மரியாதையா, ஆனா தெளிவா மறுத்துப் பேசுங்க, ஏன்னா டார்கெட் வந்த உடனே "உங்களுக்கு விருப்பமா"ங்கற கேள்வி "உங்களுக்கு என்ன தடை"ன்னு மாறிடும், டெனன்ட்டும் அதை உடனே மோப்பம் பிடிச்சுடுவார்.

யாரை எடுக்கறதுன்னு கேட்டீங்க. பல இடத்துல ஒரு ஃபார்ம் வெச்சிருப்பாங்க, வாடகை டைமுக்கு கட்டறாரா, ஆறு மாசமா ஆஸ்பத்திரி போகலையா, மருந்து எடுக்கறாரா, பக்கத்து ரூமோட சண்டை உண்டான்னு மார்க் போடறது. அந்த ஃபார்ம் பேச்சைத் தொடங்க உதவும், அதுக்கு மேல அதை நம்பாதீங்க. மார்க் நல்லா வாங்கினவர்ல சிலர் நல்லா இருக்கறதுக்குக் காரணமே அந்த பில்டிங்தான், கீழ டெஸ்க்ல 24 மணி நேரமும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கறதும், மருந்து பில்டிங்குக்கே வர்றதும், ரெண்டு நாள் கதவு திறக்கலைன்னா யாராவது தட்டிப் பார்க்கறதும்தான் அவரைத் தாங்கிட்டிருக்கும். இன்னொரு பக்கம், மார்க் கம்மியா இருக்கற சிலர் அந்த பில்டிங்லயே இருக்கறதாலதான் சண்டை போடுவாங்க. விசிட்டர் வந்தா ஐடி வாங்கி கையெழுத்து போடச் சொல்றது, பேரப் பிள்ளை ராத்திரி தங்கக் கூடாதுங்கறது, சமைக்க காமன் கிச்சன், இதெல்லாம் ஒரு கட்டத்துக்கு மேல மனுஷனைக் குடையும். அதனால நான் முதல்ல கேக்கற கேள்வி "ஏன் போகணும்னு நினைக்கறீங்க"ங்கறதுதான். பேத்தி லீவுக்கு வந்து தங்கணும், நாய் வளர்க்கணும், என் அடுப்புல நான் மீன் பொரிக்கணும், இப்படி அவருக்கே சொந்தமான ஒரு காரணம் வந்தா அவர் கஷ்டமான மாசங்களைத் தாண்டிடுவார். "நீங்கதான் நான் ரெடின்னு சொன்னீங்க"ன்னு பதில் வந்தா இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க.

போகணும்னு முடிவு பண்ணவரை உடனே வீடு தேட விடாதீங்க. இப்போ இருக்கற ரூம்லயே ஒரு மூணு மாசம் தனியா இருக்கற மாதிரி பழகச் சொல்லுங்க. மருந்து தீரும் முன்னாடி பார்மசிக்கு அவரே போன் பண்ணட்டும், குழாய் ஒழுகினா நீங்க சொல்லாம பில்டிங் ரிப்பேரைப் பார்க்கற சூப்பர்கிட்ட அவரே சொல்லட்டும், சோஷியல் செக்யூரிட்டில இருந்து லெட்டர் வந்தா பிரிச்சுப் படிச்சு என்ன பண்றதுன்னு அவர் முதல்ல சொல்லட்டும், அப்புறம் நீங்க பேசுங்க. இதுல எங்க தடுமாறுறார்னு பார்த்தீங்கன்னா வெளிய போன பிறகு எங்க உதவி தேவைப்படும்னு உங்களுக்கும் தெரிஞ்சுடும். தடுமாறினதாலேயே போகக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல. லெட்டர் படிக்க வராதுன்னா லெட்டர் படிக்க ஒரு ஆளை ஏற்பாடு பண்ணணும், அவ்வளவுதான்.

இப்போ காசு விஷயம், இதுலதான் நிறைய பேர் விழறாங்க. உங்க டெனன்ட்ல பாதிக்கு மேல எஸ்எஸ்ஐல (டிசபிலிட்டி உள்ளவங்க, வயசானவங்கள்ல வருமானம் குறைவானவங்களுக்கு ஃபெடரல் அரசு மாசாமாசம் தர்ற உதவித்தொகை) இருப்பாங்கன்னு வெச்சுக்கறேன். 2025ல தனி ஆளுக்கு ஃபெடரல் எஸ்எஸ்ஐ மாசம் 967 டாலரா இருந்துச்சு, தனியா குடியிருந்தா நியூயார்க் ஸ்டேட் 87 டாலர் சேர்த்துத் தந்துச்சு, ஆக 1,054. நியூயார்க்ல ஒரு பெட்ரூம் வீடு 2,000 டாலருக்கு மேல போகுது. அதனால வவுச்சர் (வாடகைல பெரும்பகுதியை அரசு கட்டற உதவி) இல்லாம தனி வீடுங்கற பேச்சுக்கே இடமில்ல, இதை முதல் நாளே ஒளிவுமறைவில்லாம சொல்லிடுங்க. செக்ஷன் 8ங்கற ஃபெடரல் வவுச்சர் இருந்தா வருமானத்துல கிட்டத்தட்ட 30 சதவீதம் அவர் கட்டுவார், மீதியை ஹவுசிங் அத்தாரிட்டி (வவுச்சரை நடத்தற அரசு ஏஜென்சி) ஓனருக்குக் கட்டும். சுமார் 300 டாலர் வரும், இப்போ உங்க பில்டிங்ல கட்டறதும் கிட்டத்தட்ட அதேதான். "வாடகை மாறலையே"ன்னு சந்தோஷப்படுவாங்க, அப்போதான் உட்கார்ந்து மத்த செலவை எழுதணும். கரண்ட் பில் இதுவரைக்கும் பில்டிங் கட்டிச்சு, இனிமே கான் எடிசன்ல அவர் பேர்ல கனெக்‌ஷன். லாண்டரி, வைஃபை, பல்பு, டாய்லெட் பேப்பர், சில பில்டிங்ல மத்தியான சாப்பாடு, இதெல்லாம் கையில இருந்து போகும். மாசம் நூறு, நூத்தம்பது டாலர் கூடுதலா போனா இவ்வளவு கம்மி வருமானத்துல வாழற ஆளுக்கு அது பெரிய ஓட்டை. ரெண்டு மாச ரசீது எல்லாம் சேர்த்து வெக்கச் சொல்லி, அதை வெச்சு பட்ஜெட் போடுங்க, கற்பனைல போடற பட்ஜெட் முதல் மாசமே கிழிஞ்சுடும்.

டெபாசிட்ல ஒரு அநியாயம் இருக்கு. 2019 சட்டப்படி நியூயார்க் ஸ்டேட்ல ஓனர் ஒரு மாச வாடகைக்கு மேல டெபாசிட் கேக்கக் கூடாது, நல்ல சட்டம். ஆனா எஸ்எஸ்ஐ வாங்கறவர் பேர்ல 2,000 டாலருக்கு மேல சேமிப்பு இருக்கக் கூடாதுன்னு ஃபெடரல் ரூல், 1989ல இருந்து அந்தத் தொகை ஏறவே இல்ல. ஒரு மாச டெபாசிட்டே அதைத் தாண்டிடுது, அப்போ ஒரு மனுஷன் முறையா சேத்து வெச்சு வெளிய போகணும்னா எப்படி? எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் கோவம் வரும். வழி ரெண்டு இருக்கு. சிட்டியோட நலத்துறை ஆபீஸான ஹெச்ஆர்ஏல டெபாசிட்டுக்கு காசுக்குப் பதிலா செக்யூரிட்டி வவுச்சர் கொடுக்கறாங்க, அதுக்கு முன்கூட்டியே அப்ளை பண்ணுங்க. இன்னொண்ணு ஏபிள் அக்கவுன்ட், டிசபிலிட்டி உள்ளவங்களுக்கான சேமிப்புக் கணக்கு, அதுல 1,00,000 டாலர் வரைக்கும் இருந்தாலும் எஸ்எஸ்ஐ கணக்குல வராது. முன்னாடி 26 வயசுக்குள்ள டிசபிலிட்டி ஆரம்பிச்சவங்களுக்கு மட்டும்னு இருந்துச்சு, 2026 ஜனவரில இருந்து 46 வயசுன்னு மாத்திட்டாங்க, அதனால உங்க டெனன்ட்ல நிறைய பேருக்கு இப்போ அது பொருந்தும். பழைய மெடிக்கல் ரெக்கார்ட்ல ஆரம்ப வயசைத் தேடிப் பாருங்க.

பார்ட் டைம் வேலை பார்க்க ஆசைப்படறவர்கிட்ட "எஸ்எஸ்ஐ போயிடும்"னு பயமுறுத்தி வெச்சிருப்பாங்க. சம்பளத்துல முதல் 65 டாலரும் பொதுவா ஒரு 20 டாலரும் விட்டுட்டு, மீதில பாதியைத்தான் கணக்குல எடுப்பாங்க. செக் குறையும், கைக்கு வர்ற மொத்தக் காசு கூடும். வருமானம் மாறினதை ஹவுசிங் அத்தாரிட்டிகிட்டயும் சொல்லணும், அதை மறந்தாதான் பின்னாடி பாக்கி, பெனால்டின்னு வரும்.

சரி, வவுச்சர் எங்க இருந்து வரும்? இங்கதான் உங்க பில்டிங்கோட ஃபண்டிங் பேப்பரை நீங்க படிச்சே ஆகணும், ப்ராபர்ட்டி மேனேஜர்கிட்ட கேட்டா தருவாங்க. சில பில்டிங் ப்ராஜெக்ட் பேஸ்டு வவுச்சர்ல (வாடகை உதவி ஆளோட இல்லாம அந்த யூனிட்டோட சேர்ந்தது) ஓடும், அப்படின்னா ஒரு வருஷம் குடியிருந்த டெனன்ட்டுக்கு அந்த உதவியை கூடவே எடுத்துட்டுப் போற உரிமை இருக்கு, அடுத்து காலியாகற வவுச்சர்ல முன்னுரிமை கொடுக்கணும். இது நிறைய டெனன்ட்டுக்குத் தெரியவே தெரியாது, பல கேஸ் மேனேஜருக்கும் தெரியாது. ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, காலி பண்றேன்னு ஓனருக்கு நோட்டீஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஹவுசிங் அத்தாரிட்டிகிட்ட வவுச்சர் கேட்டுடணும், வரிசை மாறினா உரிமை போயிடலாம். உங்க பில்டிங் அந்த வகை இல்லன்னா, சப்போர்ட்டிவ் ஹவுசிங்ல இருந்து வெளிய போறவங்களுக்கு வெயிட்லிஸ்ட்ல முன்னுரிமை வெக்கலாம்னு ஹட்ங்கற ஃபெடரல் ஹவுசிங் டிபார்ட்மென்ட் 2013லயே கைட்லைன் கொடுத்திருக்கு, உங்க ஏரியால எந்த ஏஜென்சியாவது அப்படி வெச்சிருக்கான்னு விசாரிங்க. சும்மா பொது வெயிட்லிஸ்ட்ல பேரைப் போட்டுட்டு உட்கார முடியாது, நியூயார்க் சிட்டி ஹவுசிங் அத்தாரிட்டியான நைச்சா தன்னோட செக்ஷன் 8 லிஸ்ட்டை 2024 ஜூன்ல திறந்தது கிட்டத்தட்ட 15 வருஷம் கழிச்சு, அதுவும் குலுக்கல்ல 2,00,000 பேரைத்தான் எடுத்தாங்க.

வவுச்சர் கிடைச்சா அது எந்த ஃபண்டுன்னும் கேளுங்க. 2021ல கோவிட் நேரத்துல எமர்ஜென்சி ஹவுசிங் வவுச்சர்னு நாடு முழுக்க 70,000 கொடுத்தாங்க, நிறைய பேர் அதை நம்பி சப்போர்ட்டிவ் ஹவுசிங்ல இருந்து கிளம்பினாங்க, 2025ல ஹட் அந்த ஃபண்ட் சீக்கிரமே தீரப் போகுது, இனிமே வராதுன்னு சொல்லிடுச்சு. பத்து வருஷம் ரோட்டுல இருந்த ஆளை நிரந்தரமான ரூம்ல இருந்து கிளப்பி காலாவதி ஆகற உதவில உட்கார வைக்கறதை விட அவர் இருந்த இடத்துலயே இருக்கறது எவ்வளவோ மேல்.

வீடு தேடறது அடுத்த போராட்டம். வவுச்சர் கையில வந்ததும் ஃபெடரல் ரூல்படி குறைஞ்சது 60 நாள் டைம், கேட்டா நீட்டிக்கலாம், டிசபிலிட்டி காரணம் காட்டி எழுத்துல கேளுங்க. வவுச்சரைப் பார்த்து வீடு இல்லன்னு சொல்றது நியூயார்க் சிட்டில 2008ல இருந்தே சட்டவிரோதம், ஆனா போன்ல "இப்போதான் வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்"னு சொல்லிடுவாங்க. அப்படி நடந்தா பேர், நம்பர், நேரம் எழுதி வெச்சு சிட்டி ஹியூமன் ரைட்ஸ் கமிஷனுக்கு அனுப்புங்க, அந்த கால்ஸை டெனன்ட் தனியா பண்ண விடாதீங்க, பத்து தடவை வேண்டாம்னு கேட்டா ரோட்டுல இருந்தப்ப கேட்டதெல்லாம் திரும்ப காதுல விழும். பழைய கேஸ், ஜெயில் ரெக்கார்ட் இருக்கறவங்களுக்கு 2025 ஜனவரில இருந்து ஒரு புதுச் சட்டம் துணைக்கு இருக்கு, பெரும்பாலான கேஸ்ல, பெரிய குற்றம்னா 5 வருஷம், சின்னதுன்னா 3 வருஷம் வரைக்கும்தான் ஓனர் பின்னோக்கிப் பார்க்கலாம். புரோக்கர் ஃபீஸும் 2025 ஜூன்ல இருந்து யார் புரோக்கரை வெச்சாங்களோ அவங்கதான் கட்டணும். கிரெடிட் ரிப்போர்ட்டை நீங்க முன்னாடியே எடுத்துப் பார்த்துடுங்க, எப்பவோ விட்டுட்டுப் போன கரண்ட் பில் பாக்கி அதுல உட்கார்ந்திருக்கும், அது இருந்தா புது கனெக்‌ஷனும் சிக்கலாகும்.

ஏரியா செலக்ட் பண்றதுல அவசரப்படாதீங்க. எங்கயோ கடைசி ஸ்டேஷன்ல வீடு கிடைச்சுது, வாடகை செட்டாகுதுன்னு ஒத்துக்கிட்டா, டாக்டர், சர்ச், பழகின டெலி கடைக்காரர், டயாலிசிஸ் சென்டர் எல்லாம் ஒண்ணரை மணி நேரம் தள்ளிப் போயிடும், மூணாவது மாசம் அப்பாயின்ட்மென்ட் போறதை விட்டுடுவார். லீஸ்ல கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தடவை பகல்லயும் ஒரு தடவை ராத்திரியும் அவரோட அந்தத் தெருவுல நடந்து பாருங்க. பழைய போதைப் பழக்கம் இருந்தவருக்கு எந்த முக்குல என்ன விக்கறாங்கன்னு உங்களை விட அவருக்கு நல்லா தெரியும், அவர் வேண்டாம்னு தலையாட்டினா காரணம் கேக்காம அடுத்த வீட்டைப் பாருங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன், வீடு மாறின பிறகு வர்ற முதல் ஒன்பது மாசம். மன்ஹாட்டன்ல ஃபோர்ட் வாஷிங்டன் ஆர்மரின்னு ஒரு பெரிய ஷெல்டர் இருந்துச்சு. அங்க வேலை பார்த்த எஸ்ரா சஸ்ஸர் மாதிரி டாக்டர்ஸ், இவ்வளவு கஷ்டப்பட்டு வீட்டுக்கு அனுப்பின ஆளுங்க ஏன் திரும்பத் திரும்ப வர்றாங்கன்னு யோசிச்சு ஒரு முறையை உருவாக்கினாங்க, கிரிட்டிக்கல் டைம் இன்டர்வென்ஷன், சுருக்கமா சிடிஐன்னு சொல்வோம். ஷெல்டர்ல தெரிஞ்ச அதே வொர்க்கர் வீட்டுக்கும் கூடவே போகணும், மூணு மூணு மாசமா மூணு கட்டம், முதல்ல அடிக்கடி போறது, அப்புறம் கொஞ்சம் விலகி நின்னு பார்க்கறது, கடைசில அந்த ஏரியால இருக்கற டாக்டர், சொந்தக்காரங்க, சென்டர்னு நிலையான ஆளுங்ககிட்ட ஒப்படைக்கறது. 1997ல 96 ஆண்களை வெச்சு ரிசல்ட் வெளியிட்டாங்க, 18 மாசத்துல வழக்கமான சர்வீஸ் கிடைச்சவங்க சராசரி 91 ராத்திரி வீடில்லாம இருந்தாங்க, சிடிஐ கிடைச்சவங்க 30 ராத்திரி. அந்த ஸ்டடி ஷெல்டர்ல இருந்து போனவங்களைப் பத்தினது, உங்க ஆளுங்க வருஷக்கணக்கா வீட்டுல இருந்தவங்க, இருந்தாலும் பிரிவுங்கறது அதே பிரிவுதான். பொண்ணைக் கட்டிக் கொடுத்தா முதல் வருஷம் முழுக்க தலை ஆடி, தலை தீபாவளின்னு ஏதாவது ஒரு சாக்கு வெச்சு போய்ப் பார்த்துட்டு வருவோமே, அந்த அக்கறை இங்க வேலையாவே இருக்கணும். உங்க ஏஜென்சி "மூவ் அவுட் ஆனா ஃபைல் க்ளோஸ்"னு சொன்னா ப்ரோக்ராமே ஆரம்பிக்காதீங்க. ஒன்பது மாசத்துக்கு உங்க சம்பளத்துல ஒரு பங்கு இதுக்குன்னு பட்ஜெட்ல இருக்கான்னு முதல் மீட்டிங்லயே கேளுங்க.

அந்த ஒன்பது மாசத்துல பெரும்பாலும் என்ன வரும்னு சொல்றேன். தனிமை. நீங்க எதிர்பார்க்கறதை விடப் பெருசா வரும். போறப்ப "அந்த டெஸ்க் தொல்லை விட்டுச்சு"ன்னு கிளம்பினவரே ரெண்டாவது மாசம் டெஸ்க்ல இருக்கறவரைப் பார்க்க பஸ் ஏறி வருவார். வரட்டும், வரவேற்கணும். தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டுக்கும் பில்டிங் பார்பிக்யூவுக்கும் பழைய டெனன்ட்டுக்கும் அழைப்பு போகணும். மனநலப் பிரச்சனை உள்ளவங்களுக்கு 47வது தெருல ஃபவுன்டன் ஹவுஸ் இருக்கு, 1948ல ஆரம்பிச்சது, அங்க போறவங்க மெம்பர்ஸ், சமையல், ஆபீஸ் வேலை எல்லாம் அவங்களே ஸ்டாஃபோட சேர்ந்து பார்ப்பாங்க. வீடு மாறறதுக்கு முன்னாடியே மெம்பர் ஆக்கிடுங்க, மாறின பிறகு புது இடத்துக்குப் போக மனசு வராது. தனிமையோட ஒட்டி வர்ற ஆபத்து, பழைய கூட்டாளி "ரெண்டு நாள் தங்கிக்கறேன்"னு வந்து வீட்டையே பிடிச்சுக்கறது. பாவம்னு இடம் கொடுப்பாங்க, தெருவுல தனக்கு இடம் கொடுத்தவனாச்சேன்னு நன்றியும் இருக்கும், கடைசில லீஸ் இவர் பேர்ல, பிரச்சனை இவர் தலையில. இதைப் பத்தி முன்னாடியே பேசி, "என் கேஸ் மேனேஜர் திட்டுவாங்க"ன்னு பழியை உங்க மேல போட்டு மறுக்கலாம்னு சொல்லிக் கொடுங்க, அது நல்லா வேலை செய்யும்.

இன்னொரு ஆபத்து பேப்பர். வவுச்சருக்கு அப்பப்போ ரீசர்டிஃபிகேஷன் பாக்கெட் (வருமானம், குடும்ப விவரத்தை மறுபடி சரிபார்க்கற ஃபார்ம்) வரும், அதை நிரப்பி அனுப்பலன்னா வவுச்சரே ரத்தாகலாம். உங்க காலண்டர்லயும் அந்தத் தேதி இருக்கணும். வாடகையை எஸ்எஸ்ஐ வர்ற அன்னிக்கே தானா போற மாதிரி வெச்சுடுங்க. பாக்கி விழுந்துட்டா ஹெச்ஆர்ஏல ஒன் ஷாட் டீல்ங்கற ஒரு தடவை அவசர உதவி கேக்கலாம், கோர்ட் பேப்பர் வந்தா 2017 சட்டப்படி வருமானம் குறைவானவங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. இதையெல்லாம் பெரிய எழுத்துல ஒரே தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டு வாங்க.

திரும்பி வர்ற வழியை இப்பவே பார்த்து வைக்கணும், இதை நான் எல்லாத்தையும் விட அழுத்திச் சொல்றேன். ஹட் ரூல்படி க்ரானிக் ஹோம்லெஸ்னு கணக்காக டிசபிலிட்டியோட சேர்த்து 12 மாசம் தொடர்ந்தோ, இல்ல 3 வருஷத்துல 4 தடவையா சேர்த்து 12 மாசமோ வீடில்லாம இருந்திருக்கணும். உங்க டெனன்ட் ஒரு காலத்துல அந்த கேட்டகரில உள்ள வந்தவர். தனி வீட்டுல ஒரு வருஷம் இருந்துட்டு அது போச்சுன்னா அந்த நிலை அவருக்கு இருக்காது. நியூயார்க்ல 1981 கோர்ட் தீர்ப்பு ஒப்பந்தத்தால ஷெல்டர் கிடைக்கும், ஆனா சப்போர்ட்டிவ் ஹவுசிங் வேணும்னா மறுபடி 2010இன்னு சொல்ற சப்போர்ட்டிவ் ஹவுசிங் அப்ளிகேஷன், மறுபடி சைக்கியாட்ரிக் ரிப்போர்ட், மறுபடி இன்டர்வியூ. இதை மறைச்சு ஒருத்தரை அனுப்பறது நியாயமே இல்ல. கையெழுத்துக்கு முன்னாடி அவர்கிட்ட இதைச் சொல்லணும், கூடவே உங்க ஏஜென்சி எழுத்துல என்ன தர முடியும்னும் சொல்லணும்: வீடு ஆட்டம் காணுதுன்னா யாருக்கு போன் பண்ணணும், உங்க ஏஜென்சியோட வேற பில்டிங்ல இடம் பார்க்க முடியுமா, அப்ளிகேஷனுக்கான பேப்பர்ஸை அப்டேட்டா வெச்சிருப்பீங்களா. திரும்பி வர்றவரைத் தோத்தவரா ரிப்போர்ட்ல எழுதாதீங்க.

ஊர்ல இருந்து வந்தவங்க நம்ம, அதனால ஒண்ணு சேர்த்துக்கறேன். சென்னைல தி பான்யன் 1993ல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் ஆரம்பிச்சது, ரோட்டுல மனநோயோட இருந்த பெண்களுக்காக. அவங்க 2015ல ஹோம் அகெய்ன்னு ஒண்ணு தொடங்கி, வருஷக்கணக்கா நிறுவனத்துக்குள்ளயே இருந்தவங்களை சாதாரணத் தெருவுல வாடகை வீடு எடுத்து நாலஞ்சு பேரா ஒண்ணா குடிவெச்சாங்க, சேர்ந்து சமைச்சு, கடைக்குப் போய், பக்கத்து வீட்டோட பழகி. அமெரிக்கால தனியா வாழறதுன்னா ஒரு பெட்ரூம்ல ஒத்தை ஆள்னு நம்ம மனசுல பதிஞ்சு போயிருக்கு. உங்க பில்டிங்ல பத்து வருஷமா ஒண்ணா சீட்டு விளையாடற ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கணும்னு ஆசைப்படலாம், வவுச்சர் ரூல்ல ஷேர்டு ஹவுசிங்னு ஒரு வகை இருக்கு, ஹவுசிங் அத்தாரிட்டி அனுமதிச்சா முடியும். கேட்டுப் பாருங்க, இதை யாரும் கேக்கறதே இல்ல.

போக விரும்பாதவங்களை விட்டுடுங்க. அறுபத்தஞ்சு வயசுல, முட்டி வலியோட, இந்த ரூம்லதான் சாவேன்னு சொல்றவர் சரியாத்தான் சொல்றார், அவருக்குத் தேவை வீட்டுக்கு வர்ற ஹோம் அட்டெண்டன்ட், புது வீடு இல்ல.

உடனே செய்ய வேண்டியதுன்னா, உங்க யூனிட்டெல்லாம் எந்த ஃபண்டிங்னு ஒரு லிஸ்ட் எடுங்க, எந்த டெனன்ட்டுக்கு வவுச்சரோட போற உரிமை ஏற்கனவே இருக்குன்னு குறிங்க, அப்புறம் டெனன்ட் மீட்டிங்ல எல்லாருக்கும் பொதுவா சொல்லுங்க, யாரையும் தனியா கூப்பிட்டு ஆரம்பிக்காதீங்க. விருப்பமுள்ளவங்க அவங்களா உங்க கதவைத் தட்டுவாங்க. முதல் வருஷம் ரெண்டு மூணு பேருக்கு மேல எடுக்காதீங்க, ஒன்பது மாசம் கூடவே போகணும்ல. லிஸ்ட் எடுக்கும்போது ஃபண்டிங் பேப்பர்ல எது புரியலைன்னாலும் இங்கயே கேளுங்க, சொல்றேன்.